அத்தியாயம் 7: கணக்கில் ஏறும் தொண்டு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது அனுமந்தை. கிழக்கே குப்பமும் கடலும். வடக்கே மரக்காணத்தைச் சுற்றி மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரியும் உப்பளம். இந்தக் கரையில் பெரிய கம்பெனி நடத்துகிறவர்கள் குறைவு. உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், இரண்டு லாரி வைத்திருப்பவர், ஃபைபர் படகுக்காரர், ஐஸ் கம்பெனிக்காரர், சாலையோரம் ஓட்டல் போட்டவர் என்று பத்துப் பேருக்கும் இருபது பேருக்கும் வேலை கொடுப்பவர்களே அதிகம். ஆட்களின் பெயர் முதலாளிக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர் போவார்.

இப்படிப்பட்ட முதலாளிகளில் நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால் பணம் தருகிறார்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ஆனால் அவர்களுடைய பாத்தியில் உப்பு வாரும் பெண், காலை முதல் ஒதுங்க நிழல் இல்லாமல் நிற்கிறார். மறைவிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் தாக்குப்பிடிக்கிறார். மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று அவருக்குத் தெரியாது. முதலாளியிடம் இரக்கம் இருக்கிறது. அந்த இரக்கம் வேலை நடக்கும் முறைக்குள் இன்னும் நுழையவில்லை.

இந்த அத்தியாயம் அதற்கான வழியைச் சொல்கிறது. தொழிலில் கடைசி இடத்தில் நிற்பவர் யாரோ, அவருக்கு நன்மை சேரும்படி வேலை நேரம், கூலி, கருவி, செலவு எல்லாவற்றையும் திருத்தி அமைப்பதே தொண்டுத் தலைமை. முதலாளியின் மனசில் இருக்கும் தொண்டு கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறினால்தான் அவர் ஊரில் இல்லாத நாளிலும், அவர் கோபமாக இருக்கும் நாளிலும், அவருக்குப் பிறகு மகன் பொறுப்பேற்ற பின்னும் அது நடக்கும்.

பதினொரு படுக்கையில் தொடங்கியது

புதுச்சேரியைத் தாண்டிக் கடலூர் சாலையில் போனால் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வரும். 2003-ல் திறந்தார்கள். இந்தக் கரையில் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டவர்கள் பலர் அங்கே போய் வந்தவர்கள். சேவையையும் தொழிலையும் ஒரே ஏரில் பூட்டிக் காட்டியவர்களில் நமக்கு மிக அருகில் இருப்பவர்கள் இவர்கள்தான். அதனால் இவர்களிடமிருந்து தொடங்குவோம்.

நிறுவியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1918-ல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ராணுவ டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கண் அறுவை கற்றார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களும் அவர்களுடைய கணவன் மனைவிமாரும் சேர்ந்துகொண்டார்கள். கையில் முதல் இல்லை. வீட்டை அடமானம் வைத்தும் நகையை வைத்தும் நடத்தினார்கள். 2006-ல் அவர் காலமானபோது உலகிலேயே மிக அதிகமாகக் கண் அறுவை செய்யும் அமைப்புகளில் ஒன்றாக அரவிந்த் வளர்ந்திருந்தது.

நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தந்துகொண்டு, அன்றாடச் செலவைத் தன் வருமானத்திலேயே ஒரு மருத்துவமனை எப்படிச் சமாளிக்கிறது? இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலாவது, கடைசி ஆளைத் தடுப்பது எது என்று அவர்கள் தேடினார்கள். இலவசமாக அறுவை செய்கிறோம் என்று அறிவித்தாலும் கிராமத்தார் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வரும் மகனின் ஒருநாள் கூலி, பயம் என்று காரணங்கள் இருந்தன. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்று தெரிந்தது. முகாம் நடத்தி, அங்கிருந்தே வண்டியில் அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

இரண்டாவது, ஏழை என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. இலவசப் பிரிவின் வாசலா, கட்டணப் பிரிவின் வாசலா, எதன் வழியாகப் போவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். சான்றிதழ் கேட்டு ஒருவரைக் கூசவைத்துக் கொடுப்பது உதவியின் பாதியைத் தின்றுவிடும்.

மூன்றாவது, திறமையான கையை வீணாக்கவில்லை. அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகிவிடுவார். பார்வை சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, கட்டுப் போடுவது, ஆறுதல் சொல்வது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் செய்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி தருகிறார்கள். சேவையின் அளவு பெருகியதற்கும் செலவு குறைந்ததற்கும் இந்தப் பெண்களே பெரிய காரணம்.

நான்காவது, விலை தடையாக நின்ற இடத்தில் விலையையே உடைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலத்தில், 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அந்த லென்ஸ் பல நாடுகளுக்குப் போகிறது.

ஐந்தாவது, தலைவர் தன் தேவையைச் சுருக்கிக்கொண்டார். வெங்கடசாமி அரவிந்திலிருந்து சம்பளம் எடுக்கவில்லை. ஓய்வூதியத்தில் எளிமையாக வாழ்ந்தார். எல்லா முதலாளியும் இப்படி வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலாளி எடுத்துக்கொள்ளும் பங்குக்கு ஒரு வரம்பு இருந்தால்தான் மற்றவர்களுக்குப் பங்கு மிஞ்சும்.

இந்த ஐந்திலும் இரக்கத்தை மட்டும் நம்பியிருப்பது எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஓர் ஏற்பாடு. டாக்டர் இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து நோயாளிக்குச் சாப்பாடு கிடைப்பதோ கிடைக்காமல் போவதோ இல்லை.

வேர் இந்த மண்ணில்

வெங்கடசாமிக்கு இந்த உறுதி எங்கிருந்து வந்தது? மருத்துவமனையின் பெயரே விடை. 1910-ல் புதுச்சேரிக்கு வந்து 1950-ல் மறையும்வரை அங்கேயே இருந்த ஸ்ரீ அரவிந்தர், உலகத்தைத் துறந்து ஓடுவதை யோகமாகக் கருதவில்லை. செய்யும் வேலையையே இறைவனுக்குப் படைப்பதை யோகம் என்று போதித்தார். அவரையும் அவருடைய ஆசிரமத்து அன்னையையும் குருவாகக் கொண்ட வெங்கடசாமி, அறுவை மேசையை அந்தப் படையலுக்கான இடமாக எடுத்துக்கொண்டார்.

அனுமந்தையைச் சுற்றி நூறு கிலோமீட்டர் வட்டம் போட்டால் இதே நெறியின் இன்னும் இரண்டு ஊற்றுகள் அதற்குள் வரும்.

ஒன்று திருவதிகை. பண்ருட்டிக்குப் பக்கத்தில், ஏழாம் நூற்றாண்டில், திலகவதியார் கோயிலைப் பெருக்கி மெழுகி மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி திருநாவுக்கரசர், அதாவது அப்பர், கையில் உழவாரம் எடுத்தார். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. நாடே போற்றிய ஞானி அவர். சிலைகளிலும் அந்தக் கருவியோடுதான் நிற்கிறார். திருவீழிமிழலைப் பஞ்சத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. அடியார்களுக்குச் சோறிட, சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு தந்தான். சம்பந்தர் காசை மாற்றும்போது கடைக்காரர் வட்டம் என்று ஒரு பங்கைப் பிடித்தார். அப்பரின் காசு முழு மதிப்புக்குப் போயிற்று. அப்பர் கைத்தொண்டு செய்தவர், அதனால் என்று காரணம் சொல்கிறது மரபு. தொழில் செய்கிறவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது. உடம்பால் உழைப்பவரின் காசில் பிடித்தம் கூடாது என்பதை நம் முன்னோர் கடவுளின் கையாலேயே சொல்லவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று வடலூர். வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தவருக்குச் சாதி, மதம் கேட்காமல் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அதைத் தனி மனிதர் ஒருவரின் கருணை மட்டும் எரியவைக்கவில்லை. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அரிசியும் காய்கறியும் விறகும் இன்றுவரை ஊர் ஊராக வருகின்றன. வள்ளலார் 1874-ல் மறைந்தார். சாலை நிற்கவில்லை. அருளை ஓர் ஏற்பாடாக ஆக்கிவைத்துவிட்டுப் போனதால் அது நிற்கவில்லை.

கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வியாழன் இருக்கிறது. தான் சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். அந்தச் செயலை நினைத்துத்தான் கத்தோலிக்கக் கோயில்களில் குருவானவர் இன்றும் மண்டியிட்டுப் பாதம் கழுவுகிறார்.

இந்தப் பழைய நெறியைத் தொழில் உலகம் தன் பாடத்தில் சேர்த்துக்கொண்டது 1970-ல்தான். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யில் நெடுங்காலம் நிர்வாகியாக இருந்து ஓய்வு பெற்ற ராபர்ட் கிரீன்லீஃப், தலைவன் முதலில் தொண்டனாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவருக்குப் பொறி தந்தது ஹெர்மன் ஹெஸ்ஸே எழுதிய ஒரு குறுநாவல். ஒரு யாத்திரைக் குழுவில் எடுபிடி வேலை செய்யும் லியோ காணாமல் போனதும் குழுவே சிதறிவிடுகிறது. அவர்தான் அந்த யாத்திரையை நடத்திய சபையின் தலைவர் என்பது பின்னால் தெரியவருகிறது. அதை எழுதிய ஹெஸ்ஸேயின் தாய்வழித் தாத்தா, தலைச்சேரியில் வாழ்ந்து மலையாள அகராதி தொகுத்த குண்டர்ட். ஹெஸ்ஸேயின் அம்மா பிறந்ததும் கேரளத்தில்தான்.

கிரீன்லீஃப் ஒரு நல்ல உரைகல்லையும் விட்டுச்சென்றார். நீங்கள் யாருக்குத் தொண்டு செய்கிறீர்களோ அவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா? முன்னைவிட ஆரோக்கியமாகவும் அறிவோடும் சுதந்திரமாகவும் இருக்கிறார்களா? சமூகத்தின் கடைக்கோடியில் இருப்பவருக்கு இதனால் நன்மையா, குறைந்தபட்சம் கெடுதல் இல்லாமலாவது இருக்கிறதா? இந்த உரைகல்லை வைத்துத்தான் இனி வரும் படிகளை அமைத்திருக்கிறேன்.

ஏழு படிகள்

உப்பளத்தை முன்னிறுத்தி எழுதுகிறேன். மற்றத் தொழில்காரர்கள் தங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. கடைசி ஆள் நிற்கும் இடத்தில் ஒரு முழு வேலைநாள் நில்லுங்கள். பைக்கில் வந்து கரையில் நின்று பார்த்துவிட்டுப் போவது கணக்கில் சேராது. மே மாதத்தில் ஒரு நாள், முதல் ஆள் வரும் நேரத்துக்கு வந்து, அவர்களோடு பலகை பிடித்து உப்பு வாரி, கூடை சுமந்து, அவர்கள் போகும்போது போங்கள். கண்ணுக்கும் காலுக்கும் முதுகுக்கும் என்ன ஆகிறது என்று அன்று இரவு எழுதிவையுங்கள். இந்தத் தாள்தான் மற்ற எல்லாப் படிக்கும் அடிப்படை.

2. குறையைக் கேட்காதீர்கள், விவரத்தைக் கேளுங்கள். "என்னக்கா, ஏதாவது குறை இருக்கா?" என்றால், "ஒண்ணும் இல்ல மொதலாளி" என்றுதான் பதில் வரும். கூலி கொடுக்கும் கையிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "குடிக்கத் தண்ணி எவ்ளோ தூரம்க்கா போய் எடுக்குறீங்க? நேத்து எத்தன தடவ குடிச்சீங்க?" என்று கேளுங்கள். "எங்க போறது அய்யா, ஒதுங்க எடம் இல்லாம தண்ணி குடிச்சா அவஸ்தைதான்" என்று உண்மை வெளியே வரும். மேஸ்திரி பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்கள் பேசினால் இன்னும் நல்லது.

3. தண்ணீர், நிழல், கழிப்பறை, வேலை நேரம். இந்த நான்கும் சேர்ந்தே வர வேண்டும். கழிப்பறை இல்லாமல் தண்ணீர்ப் பானை வைத்தால் பெண்கள் குடிக்க மாட்டார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் ஆராய்ந்தபோது, தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதைக் கண்டார்கள். சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்ததும் தெரியவந்தது. விடியலில் வேலை தொடங்கி முற்பகலிலேயே முடியும்படி நேரத்தை மாற்றுங்கள். பாத்தியிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் கீற்றுக் கொட்டகை போடுங்கள். மோரும் உப்பும் கலந்த நீரும் அங்கே இருக்கட்டும். ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள். துண்டுக் கூலி முறையில் ஓய்வு எடுத்தால் வருமானம் குறையும் என்று பயந்து யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் துண்டுக் கூலிக் கணக்கை அமைக்கும்போதே ஓய்வு நேரத்தையும் சேர்த்து விகிதம் போடுங்கள்.

4. கண்ணும் காலும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைத் தாக்குகிறது. இப்படி வெயிலில் ஆண்டுக்கணக்காக வேலை செய்பவர்களுக்குக் கண்புரையும் கண்ணில் சதை வளர்வதும் வரும் வாய்ப்பு அதிகம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். முகாம் நடத்தும் கண் மருத்துவமனைக்காரர்கள் இடமும் ஆளும் இருந்தால் வருவார்கள். பரிசோதனை நாளுக்கு முழுக் கூலி கொடுங்கள். பஸ் காசும் சாப்பாடும் தடையாக நின்றன என்று அரவிந்த் கண்டுபிடித்ததை மறக்க வேண்டாம். உவர்நீரில் ஊறும் கால் வெடித்துப் புண்ணாகிறது. கம்பூட்ஸ் வாங்கிக் குவிப்பதற்கு முன் இரண்டு மூன்று வகையைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்து சூடேறும் பூட்ஸை யாரும் போட மாட்டார்கள். கரையிலேயே நல்ல தண்ணீர்க் குழாயும் கால் கழுவ ஒரு மேடையும், பூசிக்கொள்ளத் தேங்காய் எண்ணெயும் வையுங்கள். பைபிளில் படித்த பாதம் கழுவுதலை உப்பளத்தில் இப்படிச் செய்யலாம்.

5. முன்பணத்துக்கு இரண்டு நோட்டு. இங்கே உப்பு விளைவது ஏறக்குறைய ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை. மழைக்காலத்தில் வேலை கிடையாது. அப்போது வாங்கும் முன்பணம்தான் ஆளை அடுத்த சீசனுக்குக் கட்டிப்போடுகிறது. முன்பணம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நோட்டு உங்களிடம், ஒரு நோட்டு அவரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் கழித்த தொகையை இரண்டிலும் எழுதி, இருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். வாரக் கூலியில் இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்று ஓர் உச்சவரம்பு வையுங்கள். வட்டி வேண்டாம். கடன் மிச்சமிருந்தாலும் வேறு இடத்துக்கு வேலைக்குப் போக அவருக்கு உரிமை உண்டு, பாக்கியைத் தவணையில் கொடுக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரியில்தான் உங்கள் தொண்டு உண்மையா என்பது தெரியும்.

6. மழைக்காலத்துக்கும் நீங்கள் பொறுப்பு. மழைக்கால நிவாரணமாகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் தருகிறது. உங்கள் ஆட்களில் யார் யார் நல வாரியத்தில் பதியவில்லை என்று பட்டியல் போடுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, வேலை செய்ததற்கான சான்று ஆகியவற்றை நீங்களே முன்னின்று முடித்துக் கொடுங்கள். அதோடு, சீசனில் ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி மழைக்கால நிதி சேருங்கள். இங்கே படகில் நடக்கும் பங்கு முறையைப் பாருங்கள். டீசலும் ஐஸும் போக மிஞ்சுவதில் படகுக்கும் வலைக்கும் பங்கு, கடலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் பங்கு. மீன் படாத நாளில் உடையவருக்கும் இல்லை, ஆட்களுக்கும் இல்லை. லாபத்தையும் நஷ்டத்தையும் சேர்ந்து சுமக்கும் இந்த அறம் குப்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதை உப்பளத்துக்கும் கொண்டுவரலாம். உப்பு விலை இன்ன தொகையைத் தாண்டினால் தாண்டிய பகுதியில் இத்தனை சதவீதம் மழைக்கால நிதிக்கு என்று சீசன் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். விலை ஏறிய பிறகு மனசு மாறும், எழுத்து மாறாது.

7. தொழிலைச் சொல்லிக் கொடுங்கள். உவர்நீரின் அடர்த்தியை அளக்கும் கருவியை மேஸ்திரியோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கருவியில் 25 டிகிரி வாக்கில் உப்பு படியத் தொடங்குவதும், 30 டிகிரியை நெருங்கினால் கசப்பு நீரை வெளியேற்ற வேண்டியிருப்பதும் வாரும் பெண்களுக்கும் தெரியட்டும். கணக்கு எழுதவும் பாத்தி பிரிக்கவும் ஆட்களை மேற்பார்க்கவும் பெண்களைத் தயார் செய்யுங்கள். இந்தக் கரையில் பெண் மேஸ்திரி வரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்தே அரவிந்த் வளர்ந்தது.

எவ்வளவு செலவாகும்?

"மனசு இருக்கு, கட்டுப்படியாகாதே" என்று சொல்பவர்களுக்காக ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

20 பேர், சீசனில் 200 வேலைநாள், விளைச்சல் 1,000 டன் என்று வைத்துக்கொள்வோம்.

குடிநீரும் மோரும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய்: சீசனுக்கு 40,000 ரூபாய்.

கண்ணாடி, காலணி, எண்ணெய் ஆளுக்கு 1,000 ரூபாய்: 20,000 ரூபாய்.

கொட்டகையும் கழிப்பறையும் 60,000 ரூபாய். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 12,000 ரூபாய்.

மொத்தம் 72,000 ரூபாய். டன்னுக்கு 72 ரூபாய், கிலோவுக்கு ஏழு பைசாவுக்குச் சற்று மேல்.

இந்த ஏழு பைசாவை "இதர செலவு" என்ற தலைப்பில் ஒளிக்காதீர்கள். "ஆள் நலம்" என்று தனித் தலைப்புப் போட்டு, டீசலுக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் மேலே எழுதுங்கள். விலை விழுந்த வருடத்தில் எதை வெட்டுவது என்று பார்க்கும்போது கண் கடைசி வரிக்குத்தான் முதலில் போகும். மோட்டார் ரிப்பேருக்கு முன்னால் நிற்கும் செலவை வெட்டக் கை கூசும்.

பணத்தில் திரும்பி வருவதும் உண்டு. பழகிய ஆட்கள் வருடாவருடம் திரும்புவார்கள். உப்பில் மண் கலக்காமல் வாருவார்கள். மழை வருவதற்குள் உப்பு அம்பாரத்தை மூட ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது. ஆனால் இந்த லாபத்தை நம்பி மட்டும் இறங்காதீர்கள். லாபம் வராத வருடத்திலும் இதைச் செய்யும்படி உங்களைப் பிடித்துவைப்பது உங்கள் பக்திதான். ஆன்மிக வேர் தொழிலுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

வழுக்கும் இடங்கள்

கூலிக்குப் பதிலாகத் தொண்டைக் கேட்பது. நாம் எல்லாரும் ஒரே குடும்பம், சேவையாக நினைத்துச் செய்யுங்கள் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது பெரிய அநியாயம். தொண்டு முதலாளி எடுத்துக்கொள்ளும் விரதம். அதை ஆட்கள் மேல் சுமத்த யாருக்கும் உரிமை இல்லை. முழுக் கூலியைக் கொடுத்த பிறகே ஆன்மிகம் பேசலாம்.

உதவியைக் கடிவாளமாக்குவது. "உன் பிள்ளைக்கு பீஸ் கட்டினேனே" என்று ஒருமுறை சொல்லிவிட்டாலும் அந்த உதவி விலங்காகிவிடும். விதியாக எழுதி எல்லாருக்கும் பொதுவாகச் செய்யும் உதவியில் இந்த ஆபத்து குறைவு.

தன் மதத்தைத் திணிப்பது. உங்கள் உறுதி முருகனிடமிருந்தோ மாதாவிடமிருந்தோ அல்லாவிடமிருந்தோ வரலாம். ஆட்களுக்கு அதன் பலன் மட்டும் போய்ச் சேரட்டும். வடலூர் அடுப்பு யாருடைய நெற்றியையும் பார்த்துச் சோறு போட்டதில்லை.

சாதிக்குத் தகுந்தபடி தொண்டு. தண்ணீர்ப் பானைக்கு ஒரே டம்ளரா? கொட்டகையில் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறார்களா? இதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை. நீங்களும் அதே டம்ளரில் குடித்துத் தொடங்கிவையுங்கள்.

கண்டிப்பைக் கைவிடுவது. உப்பில் மண் கலந்தால், நேரம் தவறினால், சக ஆளைத் திட்டினால் கேட்கத்தான் வேண்டும். அரவிந்தில் ஒழுங்கு மிகக் கடுமை. அந்த ஒழுங்கு இல்லாமல் அத்தனை பேருக்குப் பார்வை தந்திருக்க முடியாது. தனியாக அழைத்துப் பேசுங்கள். பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள்.

ஆண்டு முடிவில் ஐந்து கேள்விகள்

அம்பாரத்தை மூடி, கணக்கு முடிக்கும் நாளில் இவற்றுக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

போன வருடத்தைவிட முன்பணக் கடன் எத்தனை பேருக்குக் குறைந்திருக்கிறது?

காலில் புண்ணோ கண்ணில் எரிச்சலோ இல்லாமல் சீசனை முடித்தவர்கள் எத்தனை பேர்?

புது வேலை கற்றுக்கொண்டு கூலி உயர்ந்தவர்கள் யார் யார்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?

உங்கள் முகத்துக்கு நேரே "இது சரியில்லை" என்று சொன்னவர் ஒருவராவது உண்டா? சொன்ன பிறகு என்ன மாறியது?

நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் மோரும் நிழலும் இரண்டு நோட்டும் தொடருமா?

முதல் நான்கில் பதில் திருப்தியாக இருந்து ஐந்தாவதில் இல்லை என்றால், இன்னும் எல்லாம் உங்கள் குணத்தை நம்பியே இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வருடம் அதை விதியாக மாற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை

ஏழு படிகளையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். இந்த வாரம் மூன்று போதும். எத்தனை ஆட்களோ அத்தனை நோட்டு வாங்கி, முன்பணப் பாக்கியை எழுதி அவரவர் கையில் கொடுங்கள். ஒரு முழு நாள் பாத்தியில் நில்லுங்கள். கணக்குப் புத்தகத்தில் "ஆள் நலம்" என்ற தலைப்பைத் தொடங்கி முதல் தொகையை எழுதுங்கள்.

அப்பர் உழவாரம் எடுத்தார், வள்ளலார் அடுப்பு மூட்டினார், வெங்கடசாமி கோணிய விரலுக்கேற்ற கத்தி செய்துகொண்டார். மூவரும் தங்கள் பக்திக்கு ஒரு கருவி தேடிக்கொண்டவர்கள். தொழில் செய்யும் உங்களுக்கு அந்தக் கருவி கணக்குப் புத்தகம். உங்கள் ஆட்கள் என்றைக்கு வேண்டுமானாலும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்ற நிலைமையில் அதை வைத்திருங்கள்.